பிரேக் பேட் மாத்த எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம்? குமுளி மலை ஏறி இறங்குற வண்டிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி கேட்டது இதுதான். வீடு மலை மேல குமுளில, வேலை அடிவாரத்துல கம்பத்துல, 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல், 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, தினமும் மலை இறங்கி ஏறுறாரு. ரெண்டு வாரமா பிரேக் மிதிச்சா நாள் பூரா முன்னாடி கீச்சுனு சத்தம் வருது. ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டுனா 9,800 ரூபாய்னு எஸ்டிமேட் போட்டு ஒரு நாள் பூரா வண்டிய விட்டுட்டுப் போகச் சொல்லிட்டாங்க, பக்கத்துல ஒரு மெக்கானிக் 1,800 குடுங்க ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தாரேன்னு சொல்றாராம். "யாருண்ணே சொல்றது சரி, யாரு என்னைய ஏமாத்துறா?"ன்னு கேட்டிருக்காரு.

தம்பி, நான் கம்பத்துல இருபத்தி ரெண்டு வருசமா பட்டறை வச்சிருக்கேன், அதுல பாதி வருசம் பிரேக் வேலையிலயே போயிருக்கும், ஏன்னா இங்க வர்ற வண்டில முக்காவாசி மலை வண்டி. நீங்க அனுப்புன ரெண்டு கணக்கையும் பார்த்தேன். ரெண்டு பேரும் ஏமாத்துறாங்கன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் ஒரே வேலைய சொல்லல, அதான் விசயம். டிஸ்க்குங்கிறது வீலோட சுத்துற இரும்பு வட்டு, பேடுங்கிறது அத ரெண்டு பக்கமும் அமுக்கி நிறுத்துற கட்டை. ஒருத்தர் சொல்றது பேடு மட்டும். இன்னொருத்தர் சொல்றது பேடு, டிஸ்க், ஆயில், கிளீனிங், அலைன்மெண்டுன்னு மொத்தமா. இதுல உங்க வண்டிக்கு எது வேணும்னு அளந்து பார்க்காம யாராலயும் சொல்ல முடியாது, ரெண்டு பேருமே மில்லிமீட்டர் கணக்கு ஒண்ணு கூட உங்ககிட்ட சொல்லலைங்கிறதுதான் எனக்கு உறுத்துது.

மொதல்ல அந்த 9,800ஐ பிரிச்சுப் பார்ப்போம். பேடு செட் 2,150, டிஸ்க் ரெண்டு 4,300, பிரேக் ஆயில் 350, பிரேக் கிளீனிங் 900, லேபர் 1,200, அலைன்மெண்ட் பேலன்சிங் 900. வரியோட சேர்த்து. இதுல பேடு விலை நியாயம்தான், கம்பெனி பேடு அந்த ரேட்டு வரும். லேபர் ஷோரூம் கணக்குக்கு சரி. ஆனா அலைன்மெண்டுக்கும் பேடு மாத்துறதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பேடு கழட்டி மாட்டுனா வீல் கோணம் மாறவே மாறாது, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஒரு ஓரமா தேஞ்சாலோ தனியா பார்த்துக்கலாம், அத தைரியமா வெட்டிருங்க. அப்புறம் பிரேக் கிளீனிங் 900. பேடு மாத்துறப்ப சுத்தம் பண்ணிதான் மாட்டணும், அது அந்த லேபருக்குள்ளயே வரணும், பின் வீல்ல இருக்குற டிரம்ம, அதாவது மூடுன வகை பிரேக்க, கழட்டி சுத்தம் பண்ணி உள்ள தேயுற லைனர பார்த்து அட்ஜஸ்ட் பண்ணுறாங்கன்னா அதுக்கு காசு கேக்குறது நியாயம், அப்படியான்னு கேட்டுக்கங்க. மிச்சம் இருக்குறது டிஸ்க். பெரிய காசு அதுதான், அத கீழ விவரமா சொல்றேன்.

1,800 கணக்கு என்னன்னா, வெளி கம்பெனி பேடு 1,300 லேபர் 500. இதுவும் நம்ம ஏரியாவுக்கு சரியான ரேட்டுதான். பொதுவா எங்க பக்கம் நான் பார்க்குற விலைய சொல்லிடுறேன். ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி சின்ன கார்னா முன்பக்கம் பேடு செட்டு நல்ல வெளி கம்பெனில 900ல இருந்து 1,500, வண்டி கம்பெனி ஒரிஜினல்னா 1,500ல இருந்து 2,500. லேபர் வெளி பட்டறைல 300ல இருந்து 600, குமுளிலயோ கட்டப்பனைலயோ செஞ்சா நூறு இருநூறு கூட வரும், அங்க கூலி அப்படி. பொலிரோ மாதிரி வண்டிக்கு பேடு 1,500ல இருந்து 2,500, இன்னோவா எக்ஸ்யூவி மாதிரி பெரிய வண்டின்னா 3,000த்துல ஆரம்பிச்சு 5,000 தாண்டும். பைக்குக்கு 200ல இருந்து 500க்குள்ள, வேலை இருபது நிமிசம். 2025 செப்டம்பர் 22ல இருந்து ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆகிருச்சு, அதனால பழைய எம்ஆர்பி ஒட்டுன டப்பாவ அதே விலைக்கு குடுத்தா கேட்டு குறைச்சு வாங்குங்க.

இப்ப டிஸ்க் கதைக்கு வாரேன். டிஸ்க்க மாத்தணுமா வேணாமாங்கிறது கண்ண வச்சு சொல்ற விசயம் இல்ல. ஒவ்வொரு டிஸ்க்குலயும் குறைஞ்சபட்சம் எத்தன மில்லிமீட்டர் தடிமன் இருக்கணும்னு ஓரத்துலயோ நடு மூடிலயோ பொறிச்சிருப்பான், துரு ஏறி மறைஞ்சிருந்தா வண்டியோட சர்வீஸ் புக்குல இருக்கும். தடிமன் அளக்குற மைக்ரோமீட்டர் வச்சு ஏழெட்டு இடத்துல அளந்தா தெரிஞ்சுரும். பெரும்பாலும் புதுசுல இருந்து ரெண்டு மில்லி மொத்தமா தேஞ்சா அதோட ஆயுசு முடிஞ்சுது. அந்த அளவுக்கு மேல இருந்து, மேல்தளம் வழவழன்னு இருந்து, மிதிக்கிறப்ப ஸ்டியரிங் ஆடலைன்னா அந்த டிஸ்க்க மாத்துறது வீண் செலவு. லேசா வரி விழுந்திருந்தா பரவால்ல. விரல் நகத்த வச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு இழுத்துப் பாருங்க, நகம் தடுக்கி நின்னா பள்ளம் ஆழம்னு அர்த்தம். அப்ப லேத்துல குடுத்து சீவலாம், ஆனா சீவுன பிறகும் குறைஞ்சபட்ச அளவுக்கு மேல நிக்கணும், நிக்காட்டி மாத்துறதுதான் வழி. மலை வண்டிக்கு மெல்லிசா போன டிஸ்க்க சீவி ஓட்டுறத நான் செய்ய மாட்டேன், சூட்ட தாங்குறதுக்கு அங்க இரும்பு வேணும்.

சூடுன்னு சொன்னேன்ல, அத கொஞ்சம் விளக்கிடுறேன், ஏன்னா சமவெளில ஓட்டுறவன் கணக்க நீங்க எடுத்துக்கிட்டா தப்பாயிரும். குமுளி செக்போஸ்ட்ல இருந்து மலையடிவாரத்துல இருக்குற லோயர் கேம்ப் வரைக்கும் ஆறேழு கிலோமீட்டர்ல நானூறு மீட்டருக்கு மேல இறங்குறோம். அஞ்சு பேரோட உங்க வண்டி 1,200 கிலோன்னு வைங்க. அவ்வளவு எடைய நானூறு மீட்டர் கீழ கொண்டு வர்றப்ப வெளிய வர்ற சக்தி இருக்கே, அது பூரா சூடா மாறுனா 14 லிட்டர் தண்ணிய பச்சைத்தண்ணில இருந்து கொதிநிலைக்கு கொண்டு போகும். ஒரு குடம் தண்ணி. என்ஜின் பிடிக்காம பிரேக்க மட்டும் மிதிச்சே இறங்குனா அந்த சூடு முக்கால்வாசி ரெண்டு முன் டிஸ்க்குலயும் நாலு பேடுலயும்தான் இறங்கும், அதுவும் பத்து பதினஞ்சு நிமிசத்துக்குள்ள. அதனாலதான் மதுரைல 45,000, 50,000 ஓடுற பேடு இங்க தினம் இறங்குற வண்டில 20,000, 25,000த்துல முடிஞ்சுருது. உங்களுக்கு 46,000 வரைக்கும் வந்திருக்குன்னா, இடையில ஒருக்க மாத்தியிருக்கணும், இல்லாட்டி நீங்க கியர்ல நல்லா இறங்குறவரு. ஏஎம்டி, அதாவது கிளட்ச் மிதிக்காம தானா கியர் மாறுற வண்டி வச்சிருக்கவங்க டி-ல போட்டு அப்படியே விட்டுட்டு பிரேக்க மிதிச்சிக்கிட்டே வர்றாங்க, அவங்களுக்கு இன்னும் சீக்கிரம் போகும், மேனுவல் மோடுக்கு மாத்தி ரெண்டாவது கியர்ல வாங்கன்னு நான் சொல்லாத ஆள் இல்ல.

சத்தம் எதுக்கு வருதுன்னா, பேடுல ஒரு சின்ன தகடு வச்சிருப்பான், பேடு ரெண்டு மூணு மில்லிக்கு வந்தா அந்த தகடு டிஸ்க்குல உரசி கீச்சுனு கத்தும். கத்துறதுக்குன்னே வச்சது அது. காலைல வண்டி எடுத்தவுடனே ரெண்டு மூணு மிதிக்கு மட்டும் சத்தம் வந்து நின்னுருச்சுன்னா அது ராத்திரி மழைல டிஸ்க்குல பிடிச்ச துரு, அதுக்கு பயப்பட வேண்டாம், இடுக்கி பக்கம் நிக்கிற எல்லா வண்டிலயும் வரும். நீங்க சொல்றது நாள் பூரா வருதுன்னு, அப்ப தகடாத்தான் இருக்கும். கீச்சு போய் கர்ருனு அரைக்கிற சத்தமா மாறுச்சுன்னா அன்னைக்கே நிறுத்துங்க, அது இரும்பும் இரும்பும் உரசுறது. புது பேடு பத்து மில்லி கிட்ட இருக்கும், மூணு மில்லி வந்தா நான் மாத்தச் சொல்லுவேன், ரெண்டுக்கு கீழ விடவே கூடாது.

இன்னொரு அடையாளம் பிரேக் ஆயில் டப்பா. பேடு தேய தேய அத அமுக்குற பிஸ்டன் வெளிய தள்ளி நிக்கும், அதுக்குள்ள ஆயில் போய் நிரம்பும், அதனால மேல டப்பால அளவு இறங்கும். லீக்கு இல்லாம அளவு இறங்குனா பேடு தேஞ்சிருக்குன்னு வண்டி சொல்லுது. பெட்ரோல் பங்க்லயோ வாட்டர் வாஷ்லயோ அத பார்த்துட்டு ஆயில ஊத்தி நிரப்பி விட்டுருவாங்க, அந்த தகவல் அதோட அழிஞ்சுரும். அப்புறம் பேடு மாத்தி பிஸ்டன உள்ள தள்ளுறப்ப அந்த ஆயில் பூரா பொங்கி வெளிய வந்து பெயிண்ட்ட தின்னுரும்.

வேலைய எப்படி செய்யணும்னு சொல்றேன், கூட நின்னு பாருங்க, யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. ஜாக்கி குடுத்து, ஸ்டாண்டு வச்சு, வீல கழட்டுனா டிஸ்க்க கவ்விக்கிட்டு நிக்கிறது காலிப்பர். பின்பக்க போல்ட்டு ஒண்ண கழட்டி மேல தூக்குனா ரெண்டு பேடும் தெரியும். ரெண்டு போல்ட்டயும் கழட்டுனா காலிப்பர கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டி தொங்க விடணும், ஆயில் போற ஹோஸ்ல தொங்க விடுறவன்கிட்ட வண்டிய குடுக்காதீங்க, ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள கிழியும். அப்புறம் பேட எடுத்து, பேடு உக்காருற இடத்துல இருக்குற துருவ கம்பி பிரஷ்ல தேச்சு, அந்த சின்ன ஸ்டீல் கிளிப்ப புதுசா மாட்டணும். பிஸ்டன சி கிளாம்ப் வச்சு மெதுவா நேரா உள்ள தள்ளணும், அதுக்கு முன்னாடி பிஸ்டன சுத்தி தூசி போகாம இருக்குற ரப்பர், டஸ்ட் பூட், கிழிஞ்சிருக்கா, ஆயில் கசியுதான்னு பார்க்கணும். பழைய தூசிய காத்து வச்சு ஊதக்கூடாது, அது நுரையீரலுக்கு நல்லதில்ல, பிரேக் கிளீனர் அடிச்சு கழுவணும்.

இப்ப நான் சொல்லப் போறதுதான் தம்பி முக்கியம். காலிப்பர் ரெண்டு பின்னுல, அதாவது ரெண்டு இரும்பு கம்பில, வழுக்கிக்கிட்டு நிக்கிற சாமான். பிஸ்டன் இருக்குறது உள்பக்கம் மட்டும். நீங்க மிதிச்சா பிஸ்டன் உள் பேட தள்ளும், அதோட எதிர்விசைல காலிப்பர் பின்னுல நகர்ந்து வெளி பேட இழுக்கும். பின்னு துரு பிடிச்சு இறுகிருச்சுன்னா காலிப்பர் நகராது, உள் பேடு மட்டும் தனியா உழைச்சு தேயும். வெளிய இருந்து வீல் ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தா தெரியிறது வெளி பேடு. அது அஞ்சு மில்லி இருக்கும், "நல்லா இருக்கு சார், இன்னும் பத்தாயிரம் ஓட்டலாம்"னு சொல்லி அனுப்பிருவாங்க. உள்ள இருக்குறது மருந்து, அதாவது டிஸ்க்குல உரசி தேயுற பகுதி, பூரா போய் வெறும் பின்பக்க இரும்பு தகடா நிக்கும். அதனால பின்ன வெளிய உருவி, துடைச்சு, மழமழன்னு இருக்கான்னு பார்த்து, பிரேக்குக்குன்னு விக்கிற சிலிக்கோன் கிரீஸ் வச்சு, ரப்பர் பூட்ட சரியா உக்கார வச்சு, கையால முன்ன பின்ன தள்ளிப் பார்க்கணும், ரெண்டு விரல்ல நகரணும். வீல் பேரிங்குக்கு வைக்கிற சாதா கிரீஸ வைக்கக்கூடாது, ரப்பர் ஊதி இன்னும் இறுகிரும். இந்த வேலை ஒரு பக்கத்துக்கு அஞ்சு ஏழு நிமிசம்தான். அவசரத்துல எல்லாரும் விடுறதும் இந்த அஞ்சு நிமிசத்தத்தான். நம்ம மலைல மழைலயும் சேத்துலயும் நாலு மாசம் ஓடுற வண்டிக்கு இத விட்டா பேடு எவ்வளவு விலைல போட்டாலும் பிரயோஜனம் இல்ல.

போன சபரிமலை சீசன்ல நடந்தத சொல்றேன். மார்கழி மாசம், ராத்திரி எட்டு மணி இருக்கும், சாமி பார்த்துட்டு இறங்குன வண்டி, ஏழு பேரு, திருச்சி பக்கத்துல இருந்து வந்தவங்க. பெரியாத்து தண்ணி இறங்குற அந்த பெரிய குழாய் இருக்குல்ல, அதுக்கு கொஞ்சம் கீழ வண்டிய ஓரங்கட்டிட்டு எங்கிட்டோ என் நம்பர் வாங்கி கூப்புட்டாங்க, பிரேக் மிதிச்சா கீழ வரைக்கும் போகுது, இடது முன் வீல்ல பொகை வருதுன்னு. போறதுக்குள்ள ஒரு சாமி பாட்டில் தண்ணிய எடுத்து ஊத்தப் போயிருக்காரு, போன்லயே கத்தி நிறுத்துனேன், சூட்டுல இருக்குற டிஸ்க்குல தண்ணி பட்டா வளையும், வெடிக்கவும் செய்யும். பிரேக்க மிதிச்சுக்கிட்டே நிக்காதீங்க, கியர்ல போட்டு நிறுத்தி வீலுக்கு கல்லு அணை குடுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். நல்லா ஆறுன பிறகு வண்டிய முதல் கியர்லயே நடக்க வச்சு கீழ கொண்டு வந்து பட்டறைல வீல கழட்டுனா, வெளி பேடுல இன்னும் ஆறு மில்லி இருக்கு. உள் பேடுல மருந்தே இல்ல, தகடு டிஸ்க்க அரைச்சு நீல கலர்ல பள்ளம் விழுந்து கிடக்கு. பின்ன உருவப் பார்த்தா வரல, சுத்தி வச்சு தட்டி, எண்ணெ போட்டு, அரை மணி நேரம் போராடிதான் வந்துச்சு, வந்தத பார்த்தா பாதி தூரம் செங்கல் கலர்ல துரு. கேட்டா, கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் ஊர்ல பேடு மாத்துனாங்களாம், இருபது நிமிசத்துல முடிச்சுக் குடுத்தாங்களாம், "ரொம்ப ஸ்பீடான ஆளு"ன்னு பெருமையா வேற சொன்னாரு டிரைவரு.

அந்த டிஸ்க்கு கம்பத்துல கிடைக்கல, தேனிலயும் இல்ல, மதுரைல சொல்லி காலைல மொத பஸ்ல பார்சல் போட்டு வந்துச்சு. ஏழு சாமியும் ராத்திரி என் பட்டறைல பாய விரிச்சு படுத்தாங்க. டிஸ்க் ஜோடி, பேடு செட்டு, பின் கிட்டு, கொதிச்சுப் போன ஆயில் பூரா மாத்தி, மொத்தம் 7,000 பக்கம் ஆச்சு, ஒரு நாள் போச்சு. சூட்டுல பெடல் கீழ வரைக்கும் போனது ஏன்னு கேட்டீங்கன்னா ஆயில் கொதிச்சதுதான். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும். டாட்ங்கிறது ஆயிலோட தர எண், டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், ஈரம் ஏறிருச்சுன்னா 155க்கு இறங்கிரும், டாட் 3ன்னா புதுசுல 205, ஈரம் ஏறுனா 140. அதுக்கு மேல போனா ஆயில்ல குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. ஆனா பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருந்தும் வண்டி வழுக்கிக்கிட்டு போகுதுன்னா அது ஆயில் இல்ல, பேடு சூட்டுல பிடிமானத்த விட்டிருக்கு. ரெண்டுக்கும் அந்த நேரத்து வைத்தியம் ஒண்ணுதான், கியர குறைச்சு ஓரங்கட்டி ஆற விடுறது. அதனால உங்க எஸ்டிமேட்ல இருக்குற 350 ரூபா ஆயில வெட்டாதீங்க, ரெண்டு வருசம் ஆயிருந்தா கட்டாயம் மாத்துங்க, மூடிலயும் புக்குலயும் எந்த டாட்டுன்னு போட்டிருக்கோ அதுக்கு குறைஞ்சது ஊத்தாதீங்க.

நேரம் எவ்வளவுன்னு கேட்டீங்களே, முன்பக்கம் ரெண்டு வீலுக்கு, பின்னு கிரீஸு எல்லாம் சேர்த்து ஒழுங்கா செஞ்சா ஒரு மணில இருந்து ஒண்ணேகால் மணி, அதுல பத்து நிமிசம் ஓட்டிப் பார்க்குறது. டிஸ்க்கும் மாத்துனா இன்னொரு அரை மணி முக்கால் மணி, துரு பிடிச்ச ஸ்குரு வராம மக்கர் பண்ணுனா கூட ஆகும். ஆயில் முழுசா மாத்தி நாலு வீல்லயும் ஆயில்ல இருக்குற காத்த வெளிய எடுக்க அரை மணி. பின்பக்க டிரம் கழட்டி லைனர் மாத்த ஒன்றரை மணி. டிஸ்க்க லேத்துக்கு அனுப்புனா லேத்துக்காரர் நேரத்த பொறுத்து அரை நாள். சர்வீஸ் சென்டர்ல ஒரு நாள் கேக்குறது வேலைக்கு இல்ல, வரிசைக்கு, உங்க வண்டிய தொடுறதே மத்தியானமா இருக்கும், வாட்டர் வாஷ் வேற பண்ணுவாங்க. ஃபோன்ல நேரம் பேசி போனீங்கன்னா அங்கயும் மூணு மணி நேரத்துல வாங்கிரலாம். கார்த்திகை ஒண்ணுல இருந்து தை மாசம் மகர ஜோதி வரைக்கும் மட்டும் இந்த பக்கம் எந்த பட்டறைலயும் இந்த கணக்கு செல்லாது, கம்பம் மெட்டு வழியா ஏத்தி குமுளி வழியா இறக்குற ஒருவழிப் பாதை போட்டாங்கன்னா வெளியூர் வண்டி ராப்பகலா நிக்கும், நம்மூர் ஆளுங்க ஐப்பசிக்குள்ள பார்த்துக்கிறது நல்லது.

இருபது நிமிசத்துல முடிச்சா என்ன விட்டிருக்காங்கன்னு கேளுங்க. அதே மாதிரி நாலு மணி நேரம் ஆனாலும் என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க.

எந்த பேடு போடுறதுன்னா, வண்டி கம்பெனி ஒரிஜினல் போட்டா தப்பே இல்ல. வெளி கம்பெனில பாஷ், ரானே, டிவிஎஸ் கர்லிங் மாதிரி நல்ல பேரு இருக்கு, கர்லிங்க செய்றது 1962ல ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா, நம்ம சென்னை பாடிக்காரங்க. இது எதுவா இருந்தாலும் பில்லு குடுக்குற கடைல வாங்குங்க, ஏன்னா நான் பட்ட பாடு ஒண்ணு இருக்கு. பத்து வருசம் முன்னாடி ஒரு கடைல நல்ல கம்பெனி டப்பா மாதிரியே இருந்த செட்ட பாதி விலைக்கு வாங்கி ஒரு ஏலக்காய் யாவாரி வண்டிக்கு போட்டேன். அந்தாளு தினமும் மலை மேல வண்டன்மேட்டுக்கு போய் வர்றவரு. நாலாயிரம் கிலோமீட்டர்ல திரும்பி வந்தாரு, கழட்டுனா தகட்டுல இருந்து மருந்து அப்படியே பேந்து தனியா என் கைல வருது, பிஸ்கட்டு மாதிரி. மலைல அது நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது. அவருக்கு ஒரிஜினல் போட்டு காசு வாங்காம அனுப்புனேன், அன்னைல இருந்து 300 ரூபா மிச்சத்துக்காக பேடுல கை வைக்கிறதில்ல. டப்பாவ வாங்குனா தகட்டுல பேட்ச் நம்பர் பொறிச்சிருக்கான்னு பாருங்க, மருந்து ஓரத்துல பிளந்திருக்கான்னு பாருங்க. கடினமா இருக்குற பேடுதான் நல்லதுன்னு சிலர் சொல்லுவாங்க, அது டிஸ்க்க தின்னும், மழைக்காலத்துல குளிர்ல இருக்கப்ப பிடிக்கவும் லேட்டாகும். உங்க மாதிரி தினசரி வண்டிக்கு கம்பெனி குடுத்த ரகமே போதும்.

ஒரு பக்கம் மட்டும் மாத்துறேன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க, முன்னாடின்னா ரெண்டு வீலும் சேர்த்து நாலு பேடும்தான், இல்லாட்டி வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மலை வளைவுல அது பெரிய ஆபத்து. அப்புறம் பின்பக்கமும் டிஸ்க் உள்ள வண்டி, அதுலயும் பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி வச்சிருக்கவங்க இத படிச்சா, அந்த பின் பிஸ்டன கிளாம்ப் வச்சு அமுக்க விடாதீங்க, ஸ்கேனர் போட்டு சர்வீஸ் மோடுக்கு கொண்டு போன பிறகுதான் தொடணும். லிவர் ஹேண்ட் பிரேக் உள்ள பின் டிஸ்க்குல பெரும்பாலும் பிஸ்டன திருகித்தான் உள்ள விடணும். இது தெரியாம அமுக்கி காலிப்பரயே உடைச்ச கேஸ் ரெண்டு என்கிட்ட வந்திருக்கு.

மாத்தி முடிச்சவுடனே ஒரு விசயம், வண்டிய நகத்துறதுக்கு முன்னாடி பெடல அஞ்சாறு தடவ மிதிச்சு கெட்டியாகிருச்சான்னு பாருங்க. பிஸ்டன் உள்ள தள்ளி கிடக்கும், மொத மிதில பிரேக்கே இருக்காது, பட்டறை வாசல்லயே முன்னாடி நிக்கிற வண்டில இடிச்சவங்க உண்டு. வீல் நட்ட குறுக்க குறுக்க முறுக்கியிருக்காங்களா பாருங்க. அப்புறம் புது பேடு டிஸ்க்கோட பழகணும். கம்பத்துல இருந்து கூடலூர் போற நேர் ரோட்டுல, ரெண்டு பக்கமும் திராட்சை பந்தல் இருக்குமே, அங்க ஆளில்லாத நேரமா பார்த்து அம்பது அறுபதுல போய் நிதானமா அமுக்கி பத்துக்கு கொண்டு வாங்க, முழுசா நிறுத்தாதீங்க, மறுபடி வேகம் எடுங்க, இப்படி ஒரு எட்டு பத்து தடவ, நடுவுல கொஞ்சம் ஓட விட்டு ஆற விடுங்க. அடுத்த இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு அவசியமில்லாம சடன் பிரேக் வேணாம். வேலை முடிச்ச அன்னைக்கே அஞ்சு பேர ஏத்திக்கிட்டு மலை இறங்காதீங்க.

உங்களுக்கு நான் சொல்றது, அந்த 1,800 சொன்ன மெக்கானிக்கிட்டயே போங்க, ஆனா போனவுடனே "காலிப்பர் பின்ன எல்லாம் உருவி கிரீஸ் வச்சுக் குடுங்க, டிஸ்க்க அளந்து சொல்லுங்க, ஆயிலும் மாத்திருங்க"ன்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு 700, 800 கூட கேட்டாருன்னா குடுங்க, 2,600க்குள்ள முடிஞ்சுரும். அளக்கிற கருவி இல்ல, கண்ணாலயே தெரியும்னு சொன்னாருன்னா வேற ஆள பாருங்க. அளந்து டிஸ்க் போயிருச்சுன்னு வந்தா சர்வீஸ் சென்டர் கணக்குல அலைன்மெண்ட்ட வெட்டிட்டு, கிளீனிங் பின் டிரம்முக்கு இல்லைன்னா அதையும் வெட்டிட்டு, 8,000 பக்கம் வரும், அதுவும் சரியான செலவுதான், வெளிலயே டிஸ்க் வாங்கி மாட்டுனா 6,500, 7,000த்துல முடியும். அதுவரைக்கும் குமுளி இறங்குறப்ப ரெண்டாவது கியர் தாண்டாதீங்க, கர்ருனு அரைச்சா வண்டிய எடுக்காம பஸ்ல வாங்க. கழட்டுன நாலு பழைய பேடையும் கேட்டு வாங்கி, எது உள் பக்கம் எது வெளி பக்கம்னு எழுதி, பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி, பார்த்துட்டு பின்னு எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்றேன்.